கையால் போல்டா, கேரக்டர் ஸ்டைலா, கிரெப் ஸ்டைலா?

தமிழ்ப் புத்தக லேஅவுட் செய்கிறவர்களில் பலர் பத்திகளுக்கு ஒழுங்காக பாராகிராஃப் ஸ்டைல் (பத்தி முழுவதற்குமான எழுத்துரு, அளவு போன்றவற்றை ஒரே பெயரில் சேமித்து வைப்பது) போட்டுவிடுவார்கள். பத்திக்குள் வரும் நாலு சொல்லைத் தடிமனாக்கும்போதுதான் பழைய பழக்கம் தலைதூக்கும்: செலக்ட் செய், போல்டு கொடு, அடுத்த வரிக்குப் போ. பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பேஜ்மேக்கர் என்ற பழைய லேஅவுட் மென்பொருளில் பத்திக்கு மட்டுமே ஸ்டைல் உண்டு. 2001இல் வந்த அதன் கடைசிப் பதிப்பான 7.0 வரைக்கும் அதே கதைதான். அதன் போட்டி மென்பொருளான குவார்க் எக்ஸ்பிரஸ், பத்திக்குள் சில சொற்களுக்கு மட்டும் போடும் கேரக்டர் ஸ்டைலை 1997இலேயே கொண்டுவந்துவிட்டது என்றாலும், நம் ஊர் டிடிபி கடைகள் பேஜ்மேக்கரிலேயே ஊறியவை.

இன்றைய லேஅவுட் மென்பொருளான இன்டிசைனில் கையால் போட்ட போல்டுக்கும் கேரக்டர் ஸ்டைலில் போட்ட போல்டுக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பத்தியைச் சுத்தம் செய்யும்போதுதான் தெரியும். பாராகிராஃப் ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி தெரிந்தால் (ஸ்டைலை மீறிக் கையால் ஏதோ மாற்றியிருக்கிறது என்று அர்த்தம்), ஆல்ட் விசையை அழுத்தியபடி அந்தப் பெயரைக் கிளிக் செய்வோம். கையால் போட்டதெல்லாம் போய்விடும், கேரக்டர் ஸ்டைல் போட்டது அப்படியே நிற்கும். (ஆல்ட்டோடு ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் அதுவும் போய்விடும். விரல் பத்திரம்.)

யூனிகோடு கோப்பில் இதனால் நாலு போல்டு போகும், அவ்வளவுதான். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பாக இருந்தால் சங்கதி வேறு. அங்கே தமிழ் எழுத்தும் உள்ளுக்குள் ஆங்கில எழுத்துதான். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லைச் செலக்ட் செய்து வேறு எழுத்துரு கொடுத்திருப்பார்கள். அதைக் கையால் கொடுத்திருந்தால் ஆல்ட்-கிளிக்கில் அந்த எழுத்துரு போய்விடும். ‘ரோட்’ என்ற நாலெழுத்து ஆங்கிலச் சொல் ‘சழயன’ என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் படாமல் அச்சுக்குப் போய்விட்டால் என்ன செய்வது? பாமினி கோப்பில் ‘ஆங்கிலம்’ என்று ஒரு கேரக்டர் ஸ்டைல் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது என்பேன்.

எழுத்தாளர் அனுப்பும் வேர்ட் கோப்பில் போல்டெல்லாம் கையால் போட்டதாகத்தான் இருக்கும். அதற்குச் சண்டை போட வேண்டியதில்லை. ஃபைண்டு-சேஞ்சில் மேலே போல்டு என்று ஃபார்மட் கொடுத்து, கீழே கேரக்டர் ஸ்டைலைக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றிவிடலாம். வரிசை முக்கியம்: முதலில் மாற்று, அப்புறம் சுத்தம் செய்.

ஸ்டைலை உருவாக்கும்போது எது மாற வேண்டுமோ அதை மட்டும் நிரப்ப வேண்டும். போல்டு என்றால் போல்டு மட்டும். அளவு, நிறம், எழுத்துருக் குடும்பம் எல்லாம் காலியாக இருக்கட்டும். 11 பாயின்ட் என்று அதிலும் எழுதி வைத்துவிட்டு, பதிப்பாளர் கேட்டாரென்று பத்தியை 12 ஆக்கினால், போல்டு சொற்கள் மட்டும் குட்டையாக நிற்கும்.

தானாக வேலை செய்பவை இரண்டு. ஒன்று நெஸ்டட் ஸ்டைல்: பேட்டியில் முக்காற்புள்ளி வரைக்கும் பேசுபவர் பெயர் தடிமனாக வேண்டும் என்றால் இதைவிட வசதி கிடையாது. ஒரே ஒரு பத்தியில் முக்காற்புள்ளி விட்டுப்போனால் அந்தப் பத்தி முழுக்கத் தடித்துவிடும். அதுவும் நல்லதுதான், தவறு பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று 2008இல் இன்டிசைன் சிஎஸ்4 பதிப்போடு வந்த கிரெப் ஸ்டைல்: எழுத்துகள் எந்த வடிவில் வரும் என்று ஒரு சூத்திரம் எழுதிக் கொடுத்தால், அதற்குப் பொருந்தும் இடத்திலெல்லாம் கேரக்டர் ஸ்டைல் தானாக விழும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் எண்கள் எழுத்தோடு ஒட்டாமல் இருக்கும். பாராகிராஃப் ஸ்டைலுக்குள் [0-9]+ (தொடர்ந்து வரும் எண்கள் என்று பொருள்) என்று ஒரு வரி கொடுத்து, வேறு எழுத்துரு உள்ள ‘எண்’ என்ற கேரக்டர் ஸ்டைலோடு இணைத்தால், 300 பக்கப் புத்தகத்தில் உள்ள ஆண்டு, விலை எல்லாம் தானாகத் திருந்திவிடும். யூனிகோடு கோப்பில் ஆங்கிலச் சொற்களையும் இப்படியே பிடிக்கலாம். பாமினியில் முடியாது, அங்கே எல்லாமே ஆங்கில எழுத்து, எதைப் பிடிப்பது?

கிரெப் உருவத்தைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது. மேற்கோள் குறிக்குள் இருப்பது நூல் பெயரா கேலிச்சொல்லா என்று அதற்குத் தெரியாது. அங்கே ஆள்தான் பார்த்து ஸ்டைல் போட வேண்டும். ஆக என் கணக்கு இது: எண், அடைப்புக்குறி போன்றவற்றைக் கிரெப்பிடம் விடுவேன், நூல் பெயர், அழுத்தம் இரண்டுக்கும் கேரக்டர் ஸ்டைலை நானே போடுவேன். கையால் போல்டு ஒற்றைப் பக்க நோட்டீஸுக்குப் போதும்.

கேரக்டர் ஸ்டைலுக்கும் ஒரு குறை உண்டு. ஒரு சொல்லுக்கு ஒன்றைத்தான் போட முடியும். தடிமனும் சாய்வும் சேர்ந்து வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒன்று செய்ய வேண்டும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்தே இல்லை என்பதால் நமக்கு இது பெரிய தலைவலி ஆவதில்லை.

காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்கிரைபஸ் உண்டு. 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பில் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுகின்றன. கேரக்டர் ஸ்டைல் இருக்கிறது, கிரெப் ஸ்டைல் இல்லை. லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் இல்லை. ஆனால் ஃபைண்டு ஆல் கொடுத்து அகப்பட்டதற்கெல்லாம் ஒரே கிளிக்கில் கேரக்டர் ஸ்டைல் போட்டுவிடலாம். புதிதாகச் சேர்க்கும் பத்திக்கு மறுபடி தேட வேண்டும், அதுதான் வித்தியாசம். ரைட்டரில் ஸ்டைல் செய்யும்போது ஆங்கிலத்துக்கான இடத்தில் மட்டும் போல்டு கொடுத்துவிட்டு, தமிழ் ஏன் தடிக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தமிழுக்கான எழுத்துரு அதே உரையாடல் பெட்டியில் சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) என்ற பிரிவில் தனியாக இருக்கிறது.