கோத்தகிரிப் பக்கம் மனை வாங்கப் போகிறீர்களா? என் கதையைக் கேளுங்கள்

போன வருஷம் கோத்தகிரிக்குப் பக்கத்தில் 10 சென்ட் வாங்கினேன். பழைய தேயிலைத் தோட்டம், நல்ல சரிவு. "செடியை எடுத்து, லெவல் பண்ணி, சுவரும் கட்டித் தர்றோம் சார், நீங்க வீடு கட்ட ஆரம்பிச்சா போதும்" என்றார் புரோமோட்டர். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

செப்டம்பரில் ஜேசிபி இறங்கியது. மண்ணைப் பிடித்து வைத்திருந்ததே அந்தத் தேயிலை வேர்கள்தான். நாலே நாளில் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டார்கள். கோத்தகிரிக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். அதற்கு ஒரு மாதம் முன்பு மலையை மொட்டையடிப்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

சுவர் ஆறடி உயரம், பார்க்க அம்சமாக இருந்தது. பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியே வர ஒரு துளைகூட விடவில்லை. மூன்றாவது நாள் மழையில் சுவரின் நடுப்பகுதி வயிறு மாதிரி உப்பியது. மறுநாள் காலை சுவர் இல்லை. என் மண்ணெல்லாம் கீழ்த் தோட்டத்துச் செடிகளை மூடிக் கிடந்தது.

அந்தத் தோட்டத்துப் பெரியவர் சத்தமே போடவில்லை. "தம்பி, இது ஓடை வர்ற வழி. அதை மூடி மண்ணைக் கொட்டியிருக்காங்க" என்றார். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதையும், அந்த மழையில் நீலகிரி மாவட்டம் முழுக்க 40 பேருக்கு மேல் செத்ததையும் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் உதறல்.

அன்றைக்கு ராத்திரிதான் புலப்பட நகலை, அதாவது நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் அரசு வரைபடத்தை, இணையத்தில் எடுத்தேன். சர்வே எண்ணைப் போட்டால் வந்துவிடுகிறது. ஓடை அதில் தெளிவாக இருக்கிறது. புரோமோட்டர் கொடுத்த ஜெராக்ஸில் அந்தக் கோடு மட்டும் வெளுத்திருந்தது!

விசாரித்தால் ஹாக்கா (மலைப் பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதியும் இல்லை, ஜேசிபி ஓட்ட கலெக்டர் அனுமதியும் இல்லை. அனுமதிக்கு முறையாகப் போயிருந்தால் மண், சரிவு, வடிகால் எல்லாவற்றையும் வேளாண் பொறியியல் துறையும் கனிமவளத் துறையும் முதலிலேயே கேட்டிருப்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்தக் காகிதங்களை நீங்களே கேட்டு வாங்கிப் பாருங்கள். "அப்ளை பண்ணியாச்சு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்தால் மழை பெய்யும்போது போய் இடத்தைப் பாருங்கள்.

புரோமோட்டர் இப்போது போனை எடுப்பதில்லை. மண்ணை அள்ளும் கூலி மட்டும் இதுவரை 85,000. ஓடையைத் திறந்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது ஆறு சென்ட்தான்.