கெட்ட செக்டர் உள்ள வட்டில் லினக்ஸ்: எக்ஸ்ட்4-ஆ, பிடிஆர்எஃப்எஸ்-ஆ?

கோப்புகளைப் படிக்கத் திணறிய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் லினக்ஸைப் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமைகளான எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் இரண்டில் எதைத் தேர்வது என்பதே கேள்வி. வட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் அறிக்கையில், படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டர்களை (வட்டின் சிறு சேமிப்புப் பகுதிகளை) காட்டும் 197ஆம் வரி 24 என்றது. கெட்டுப்போனதால் வட்டின் உதிரி இடத்துக்கு மாற்றப்பட்டவற்றைக் காட்டும் 5ஆம் வரி பூஜ்யத்தில் இருந்தது. வட்டின் உண்மையான செக்டர் 4096 பைட், எண்ணிக்கையோ 512 பைட் கணக்கில். ஆகவே ஒரு பழுதிடம் 8 என எண்ணப்படுகிறது; பழுது உண்மையில் மூன்றே இடங்களில்தான்.

எக்ஸ்ட்4-க்கு இதற்கென்றே ஒரு வசதி உண்டு. ஃபார்மட் செய்யும் கட்டளையில் ஒற்றை 'சி' (-c) சேர்த்தால் வட்டு முழுவதும் படித்துப் பார்க்கப்பட்டு, கெட்ட பிளாக்குகள் 1ஆம் ஐநோடில் (கோப்பு முறைமையின் உள் பதிவு ஒன்றில்) பட்டியலிடப்பட்டு, அங்கே எதுவும் எழுதப்படாமல் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் வட்டுகள் தம் பழுதைத் தாமே மறைத்துக்கொள்ளாத காலத்து ஏற்பாடு இது. இன்றைய வட்டு, நிலுவையிலுள்ள செக்டரில் மறுபடி எழுதும்போதுதான் அதை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று முடிவெடுக்கிறது என்பதால், படித்து மட்டும் பார்ப்பது எழுதினால் சரியாகிவிடக்கூடிய இடத்தையும் வீணாக ஒதுக்கிவிடும். இரட்டை 'சி' கொடுத்தால் நான்கு வகை வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படிக்கிறது. பழைய தரவு முழுதும் அழியும், ஓர் இரவும் போதாது. அது முடிந்தபோது 197ஆம் வரி பூஜ்யமாகவும் 5ஆம் வரி 8 ஆகவும் மாறியிருந்தன: இரண்டு இடங்கள் தேறின, ஒன்று மாற்றப்பட்டது.

பிடிஆர்எஃப்எஸ்-இல் இத்தகைய பட்டியலே கிடையாது. பதிலாக, தரவுக்கும் மெட்டாடேட்டாவுக்கும் (கோப்புகளின் பெயர், இடம் போன்ற விவரங்களுக்கும்) செக்சம், அதாவது உள்ளடக்கம் மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண், வைத்திருக்கிறது. ஒரே வட்டிலும் மெட்டாடேட்டாவை இரு பிரதிகளாக எழுதுவதால், ஒன்று கெட்டாலும் மற்றதிலிருந்து மீட்டுக்கொள்ளும். தரவு ஒற்றைப் பிரதியாகவே இருப்பதால் எந்தக் கோப்பு கெட்டது என்று சொல்லுமே தவிர, அதை மீட்டுத் தராது. எக்ஸ்ட்4-இன் செக்சம் மெட்டாடேட்டாவோடு நின்றுவிடுகிறது. தரவில் வட்டே கவனிக்காத பிழை நேர்ந்தால் அதுவும் கவனிக்காது. சுழலும் வட்டில் டேட்டாபேஸ், மெய்நிகர் இயந்திரக் கோப்பு போன்றவை பிடிஆர்எஃப்எஸ்-இல் துண்டுதுண்டாகச் சிதறி வேகம் குறையும் என்பது மெய்யான குறை. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் பட்டியலும் இல்லை, தரவுக்குச் செக்சமும் இல்லை. இங்கே அதைக் கருதவே வேண்டாம்.

எழுதிச் சோதித்த பின் பட்டியலின் தேவை ஏறக்குறைய மறைந்துவிடுவதால், நான் பிடிஆர்எஃப்எஸ்-ஐயே தேர்ந்து, மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எல்லாவற்றையும் படித்துச் செக்சத்தோடு ஒப்பிடும் சோதனை) ஓட்டுகிறேன். 5ஆம் வரி 8-ஐத் தாண்டினால் வட்டையே மாற்றிவிடுவேன்.