பிளான்டட் டேங்க்ல கொட்டாங்குச்சி கார்பன் போட்டா உரம் எல்லாம் போயிடுமா?

சென்னை கொளத்தூர் மீன் கடைகள்ல லூஸ்ல எடை போட்டு தர்றாங்களே கொட்டாங்குச்சி கார்பன் (தண்ணிய சுத்தம் பண்ற ஆக்டிவேட்டட் கார்பன்), அதை வாங்கி என் ரெண்டடி பிளான்டட் டேங்கோட (செடி வளர்க்குற மீன் தொட்டி) கேனிஸ்டர் ஃபில்டர்ல கொஞ்ச நாளா ஓட்டிட்டு இருக்கேன், அதோட ரிவ்யூதான் இது. வாங்கும்போதே கடைக்காரர் "செடி டேங்க்கா? அப்ப வேணாம் ப்ரோ, ஊத்துற ஃபெர்ட் எல்லாத்தையும் இது இழுத்துடும்"னு சொன்னார், விக்கிறவரே வேணாம்னு சொன்னா அப்புறம் வாங்காம வர முடியுமா, ஆர்வம் தாங்கல.

முதல்ல சரக்கு எப்படின்னு சொல்லிடறேன். விலை ரொம்ப கம்மி, பிராண்டட் பாக்கெட்டோட பக்கத்துலயே வராது. ஆனா தூசி சாமி, பயங்கர தூசி. பக்கெட்ல போட்டு அலசுனா முதல் தண்ணி மை மாதிரி கருப்பா வருது, நாலஞ்சு தண்ணி மாத்தினாதான் தெளியுது. அலசினதும் நேரா ஃபில்டர்ல போட்டுடாதீங்க, பாதி மிதக்கும். சுடுதண்ணி ஊத்தி வச்சா குட்டி குட்டியா குமிழ் விட்டு சொரசொரன்னு சத்தம் வரும், உள்ள துளைல இருக்குற காத்து வெளிய போகுது, ஒரு ராத்திரி விட்டா எல்லாம் அடியில உக்காந்துடும். விலை கம்மியான கார்பன்ல சாம்பல் சத்து இருந்தா பிஎச் ஏத்தும், சிலதுல பாஸ்பேட்டும் கசியும், அதனால கொஞ்சம் ஆர்ஓ தண்ணில ஊறப்போட்டு காலைல டெஸ்ட் கிட் வச்சு பாத்துட்டு போடுறது நல்லது. எனக்கு வந்த சரக்குல பிஎச் லேசா ஏறுச்சு, பாஸ்பேட் இல்ல. பாக்கெட்ல அயோடின் நம்பர் (கார்பன் எவ்வளவு பிடிச்சு வைக்கும்னு சொல்ற அளவு) போட்டிருந்தா பாருங்க, ஆயிரம் பக்கத்துல இருந்தா நல்ல சரக்கு. லூஸ்ல வாங்கினா அதெல்லாம் கேக்கவே முடியாது.

இப்ப உரம் விஷயம். கார்பன் வேலை செய்யறது ஒட்ட வச்சுக்கறது மூலமா, ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் கிட்ட உள்பரப்பு இருக்கு, அதுல ஆர்கானிக் பொருள் எல்லாம் நல்லா ஒட்டும். டேனின் (மரக்கட்டை விடுற டீ கலர்), மீன் கழிவுல இருந்து வர்ற மஞ்சள், மெத்திலீன் ப்ளூ மாதிரி மருந்து, குளோரின், இதெல்லாம் அதோட சாப்பாடு. நாம போடுற மேக்ரோ, அதாவது செடிக்கு நிறைய வேணுங்கற உரம், என்னது? பொட்டாசியம் நைட்ரேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், பொட்டாசியம் சல்பேட். மூணுமே தண்ணில கரைஞ்சதும் அயனா பிரிஞ்சு நிக்கிற உப்பு, அதை சாதாரண கார்பன் பெருசா சீண்டாது. மைக்ரோல, அதாவது துளி அளவே வேணுங்கற இரும்பு மாதிரி சத்துல, மட்டும்தான் சிக்கல். இரும்பை இடிடிஏ, டிடிபிஏன்னு ஒரு ஆர்கானிக் பிடியில கட்டித்தான் தர்றாங்க, அந்த பிடியோட சேத்து கார்பன் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கும்.

இதை கண்ணால பாக்கணும்னு ரெண்டு பாட்டில்ல ஒரே தண்ணி, ஒரே ஃபெர்ட், ஒண்ணுல மட்டும் ஒரு கைப்பிடி கார்பன் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். மைக்ரோவோட டீ கலர் கார்பன் பாட்டில்ல நல்லாவே வெளுத்துடுச்சு. நைட்ரேட் டெஸ்ட்ல ரெண்டும் ஒரே சிவப்பு, பக்கத்துல வச்சு பாத்தாலும் வித்தியாசம் தெரியல. ஒரு லிட்டர் பாட்டில்ல ஒரு கைப்பிடிங்கறது ரொம்ப ஓவர், டேங்க்ல அந்த அளவு யாரும் போட மாட்டாங்க, அதையும் கணக்குல வச்சுக்கணும்.

இன்னொண்ணு, நம்ம சென்னை போர் தண்ணி பிஎச் ஏழரை, எட்டுன்னு நிக்குது. இடிடிஏ இரும்பு ஆறரைக்கு மேல போனாலே பிடி தளர ஆரம்பிச்சுடும், டிடிபிஏ ஏழரை வரைக்கும் ஓரளவு தாங்கும். அப்ப கார்பனே இல்லாட்டியும் விலை கம்மி மைக்ரோவுல இருக்குற இரும்பு செடிக்கு போய் சேரறதுக்குள்ள வீணாயிடுது, பழி மட்டும் கார்பன் மேல. இதுக்கு மேல செடி டேங்க் ஆளு டாம் பார் சொன்ன இஐ முறைல (உரத்தை தேவைக்கு மேலயே ஊத்துறது) டோஸ் பண்றவங்க வாரம் பாதி தண்ணிய மாத்தி பாதி உரத்தை சாக்கடைல விடறோம், அதைப் பத்தி யாருக்கும் கவலை இல்ல, கார்பன் எடுக்கற துளிக்குத்தான் சண்டை!

செடியே சொல்லிடும், பயப்படாதீங்க. ரோட்டாலா செடி நுனில புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையா வந்தா இரும்பு பத்தல, அப்ப கார்பனை சந்தேகப்படலாம், மைக்ரோவை கொஞ்சம் கொஞ்சமா தினமும் போடுங்க. பழைய இலைல ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்தா அது பெரும்பாலும் பொட்டாசியம், கார்பனுக்கு சம்பந்தமே இல்ல. என் டேங்க்ல ரோட்டாலா லேசா வெளிறுச்சு, டிடிபிஏ இரும்புக்கு மாறினதும் சரியாச்சு, கார்பனை எடுக்கவே இல்ல. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் எல்லாம் எதுவுமே நடக்காத மாதிரி இருந்துச்சு. கிரிப்டோகோரைன் மாதிரி வேர் வழியா சாப்பிடுற செடிக்கு அடியில ரூட் டேப் (மண்ணுல புதைக்கிற உர மாத்திரை) வச்சிருந்தா அந்த கவலையே வேணாம்.

சரி, இதனால லாபம் என்னன்னா தண்ணி தெளிவு. புது டிரிஃப்ட்வுட் (மரக்கட்டை) விட்ட டீ கலர் குறைஞ்சுது, ஆனா நான் நினைச்ச வேகத்துல இல்ல. கொட்டாங்குச்சி கார்பன்ல துளை ரொம்ப சின்னது, டேனின் பெரிய மூலக்கூறு, உள்ள போக கஷ்டப்படும். கலர் எடுக்கறதுதான் நோக்கம்னா சீகெம் கம்பெனியோட ப்யூரிஜென் (கலர் இழுக்குற ஃபில்டர் மணி) இதை விட எவ்வளவோ மேல், காசு ஜாஸ்தி, ஆனா பழுப்பானதும் வாசனை இல்லாத ப்ளீச்சும் தண்ணியும் சமமா கலந்து ஒரு நாள் ஊறவச்சு, அலசி, குளோரின் எடுக்குற டீகுளோரினேட்டர்ல போட்டு எடுத்தா திரும்ப வெள்ளையாயிடும். கார்பனை அப்படி வீட்ல புதுப்பிக்க முடியாது, சில வாரத்துல நிரம்பிடும், அப்புறம் அது வெறும் பாக்டீரியா உக்கார்ற கல்லு. வெயில்ல காய வச்சா புதுசாயிடும்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

அஞ்சுக்கு மூணு தரலாம். மருந்து போட்டு முடிச்ச டேங்க், புது மரக்கட்டை, ஏதோ வாடை வருது, இதுக்கெல்லாம் தாராளமா வாங்குங்க, வேலை முடிஞ்சதும் எடுத்துடுங்க. வருஷம் முழுக்க கேனிஸ்டர்ல இடத்தை அடைச்சிட்டு இருக்கணும்னு அவசியம் இல்ல, அந்த தட்டுல ஸ்பாஞ்ச் இல்லைன்னா செராமிக் ரிங் போட்டா உபயோகம். வாங்கும்போது நைலான் வலைப்பையும் சேத்து கேளுங்க, கண்ணி பொடியா இருக்கணும், இல்லைன்னா துணுக்கு ஃபில்டர் மோட்டாரோட இம்பெல்லர்ல (சுத்துற விசிறி) மாட்டி கரகரன்னு சத்தம் போடும்.