மூக்கின் பின்னால் வளரும் கட்டி: முகத்தைத் திறப்பதா, எண்டோஸ்கோப்பா?

பதின்ம வயதுப் பையனுக்கு ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைத்திருக்கிறது, அடிக்கடி ரத்தமும் கொட்டுகிறது என்றால், நம்ம பக்கம் முதலில் உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைப்பார்கள். காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். ஜுவெனைல் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற கட்டியாக இருக்கலாம். ஏறக்குறைய ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே வருவது. புற்றுநோய் இல்லை. ஆனால் கட்டி முழுக்க ரத்தக் குழாய்கள். எலும்பை அரித்துக்கொண்டு கன்னம், கண்குழி, மண்டையோட்டின் அடி என்று பரவும். தொட்டால் ரத்தம் பீறிடும் என்பதால் கிளினிக்கில் வைத்து பயாப்ஸிக்கு (சோதனைக்கு) சதை எடுக்கக் கூடாது, சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் பார்த்தே முடிவு செய்வார்கள்.

அக்கா பையனுக்கு வந்தபோது கோபியிலிருந்து கோவைக்குப் போனோம். ஒரு டாக்டர் திறந்து எடுக்கலாம் என்றார், இன்னொருவர் மூக்குத் துவாரம் வழியாக லென்ஸ் குழாயை விட்டு எடுக்கும் எண்டோஸ்கோப் போதும் என்றார். நாங்கள் எண்டோஸ்கோப்பைத்தான் எடுத்துக்கொண்டோம்.

திறந்து செய்வதில் மூக்கோரம் கீறுவது ஒரு முறை. மேலுதட்டுக்கு உள்பக்கம் கீறி முகத்தோலை மேலே தூக்குவது இன்னொன்று. பின்னதில் வெளியே தழும்பு தெரியாது. இடம் தாராளமாகக் கிடைக்கும், பெரிய கட்டிக்கு அது தேவைதான். வலி, வீக்கம், ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாள் இதிலெல்லாம் எண்டோஸ்கோப்தான் மேல், அதை விளக்க வேண்டியதில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது கட்டியின் வேர். இது மூக்கின் பின்புறம் ஸ்பீனோபாலடைன் என்ற எலும்புத் துளையருகே கிளம்பி, விடியன் கால்வாய் என்ற குறுகிய வழியாக, மண்டையோட்டின் அடியில் இருக்கும் ஸ்பீனாய்டு எலும்புக்குள் நுழையும். பிறகு மறுபடி வந்துவிட்டது என்கிறோமே, அது பெரும்பாலும் அந்த எலும்புக்குள் விட்டுப்போன துணுக்கு வளர்வதுதான். சாய்வாகப் பார்க்கும் லென்ஸை உள்ளே விட்டால் அந்த மூலை பெரிதாகத் தெரியும், பார்த்துக்கொண்டே டிரில் செய்யலாம். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் "அடி எலும்பையும் டிரில் பண்ணிப் பார்ப்பீங்களா?" என்று கேளுங்கள். எங்கள் டாக்டர் சொன்னார்: "கண்ணுக்குத் தெரியற கட்டியை எடுத்துரலாமுங்க, எலும்புக்குள்ள இருக்கறதைத் தேடறதுலதான் நேரம் போகும்."

எம்போலைசேஷன் இரண்டு முறைக்கும் பொது. அறுவைக்கு ஓரிரு நாள் முன்பு, தொடை வழியாகக் குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயைச் சின்னத் துகள்களால் அடைப்பார்கள். துகள் தவறான குழாய்க்குள் போனால் பார்வைக்கும் மூளைக்கும் ஆபத்து, அபூர்வம்தான். ஆகவே அதில் பழகிய ஆள் இருக்கும் ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். ரத்தம் கொடுக்க ஆட்களையும் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

கட்டி மண்டைக்குள் போயிருந்தாலோ, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உள் கரோடிட் குழாயிலிருந்தும் ரத்தம் வாங்கினாலோ கணக்கே வேறு. இரண்டு முறையையும் சேர்த்துச் செய்வார்கள், சில சமயம் இரண்டு கட்டமாகவும் செய்வார்கள். எங்கள் பையனுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை, அதனால் அங்கே என் சிபாரிசை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் செலவு. அறுவையோடு முடியாது, சில வருஷம் எம்.ஆர்.ஐ. தொடரும். ஸ்கேனை ஈரோட்டிலோ திருப்பூரிலோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பழைய படங்களோடு சேர்த்து அறுவை செய்த டாக்டரிடமே காட்டுங்கள். ஆறின தழும்பு எது, மிச்சக் கட்டி எது என்று பிரித்துச் சொல்ல, உள்ளே எங்கெங்கே டிரில் செய்தோம் என்று அவருக்குத்தான் தெரியும்.