பாட்டிக்குக் கிறிஸ்துமஸ் பரிசு: கவரா, சேலையா, பைபிளா, பாட்டுப் பெட்டியா?

பிள்ளைகளுக்குப் பரிசு வாங்குவதில் குழப்பமே இல்லை, என்ன வேண்டும் என்று அவர்களே நச்சரித்து வாங்கிக்கொள்வார்கள். "எனக்கு இனிமே எதுக்கு மக்கா" என்று ஒதுங்கிக்கொள்ளும் பாட்டிகள்தான் சிக்கல். நெல்லை, குமரி பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களில் சுற்றிச் சுற்றி நான்கு பொருள்கள்தான் பேச்சில் வரும்.

கவரில் பணம் கொடுத்தால் கொஞ்சம் காணிக்கைப் பைக்குப் போகும், மீதி பேரப்பிள்ளைகள் கைக்கே திரும்பும். அது வீண் என்று நான் சொல்லமாட்டேன். பண்டிகை நாளில் கொடுக்கிற கையாக இருப்பது அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். அதனால் ஐநூறு ரூபாய்த் தாளாக இல்லாமல், புது நூறுகளாக மாற்றிக் கொடுங்கள்.

சேலைதான் வழக்கம். விடியற்காலை ஆராதனைக்குப் புதுத்துணி உடுத்தாமல் கிறிஸ்துமஸா? பட்டு எடுத்தால் அன்று ஒரு நாள் உடுத்திவிட்டு பீரோவில் வைத்துவிடுவார்கள். மெல்லிய சுங்குடி என்றால் ஜனவரியிலும் உடம்பில் இருக்கும். ஆனால் இருபதாம் தேதி சேலையை நீட்டிப் பயனில்லை. டிசம்பர் பிறந்ததுமே தையல்காரர் கை நிறைய வேலை வைத்திருப்பார், ரவிக்கை தைத்து வராது. சேலை என்று முடிவு செய்தால் நவம்பரிலேயே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

உண்மையான போட்டி பெரிய எழுத்து வேதாகமத்துக்கும் பாட்டுப் பெட்டிக்கும்தான்.

வேதாகமத்தில் முதலில் பார்க்க வேண்டியது மொழிபெயர்ப்பு. சி.எஸ்.ஐ. பாட்டிக்குப் பழைய மொழிபெயர்ப்புதான். 23ஆம் சங்கீதம் அவருக்கு மனப்பாடம், அதில் ஒரு சொல் மாறினாலும் "இது நம்ம பைபிள் இல்லையே" என்பார். கத்தோலிக்க வீடாக இருந்தால் 1995இல் வந்த திருவிவிலியம். அடுத்தது எடை. எழுத்து பெரிதாக ஆக, புத்தகம் மடியில் வைக்க முடியாத கனமாகிவிடும். தாளும் மெலிசு, பின்பக்க எழுத்து நிழலடிக்கும், பார்வை மங்கியவருக்கு அதுவே தொந்தரவு. கடையில் விளக்கு வெளிச்சத்தில் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். ஜிப் உறையும் பொன் விளிம்பும் பார்க்க அழகு, ஆனால் வலிக்கிற விரல்களுக்கு ஜிப் இன்னொரு வேலை. புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் உள்ள பெரிய எழுத்துப் பதிப்பு கிடைத்தால் எனக்கு அதுதான் பிடிக்கும், கைக்கு அடக்கமாக இருக்கும். ஒன்று: பழைய பைபிளை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பிறந்த நாள், கல்யாண நாள், இறந்த நாள் எல்லாம் அதன் முன்பக்கத்தில்தான் எழுதியிருக்கும்.

பாட்டுப் பெட்டி என்பது வேதாகம வாசிப்பும் கீர்த்தனைகளும் ஏற்றிய சின்ன ஸ்பீக்கர். கண் தெரியாதவருக்கு இதைவிட நல்ல பரிசு இல்லை, சமைத்துக்கொண்டும் படுத்துக்கொண்டும் கேட்கலாம். ஆனால் பொத்தான்கள் தடவிப் பார்த்தே தெரிகிற மாதிரி மேடாக இருக்க வேண்டும். இன்னொன்று, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் ஆதியாகமம் முதல் அதிகாரத்துக்கே திரும்பும் பெட்டி என்றால் பாட்டி உலகம் உண்டான கதையைத் தாண்டவே மாட்டார். சார்ஜர் தொலைந்தால் கதை முடிந்தது. பக்கத்தில் பேரனோ பேத்தியோ இல்லாத வீட்டுக்கு இது கொஞ்சம் சந்தேகம்தான்.

ஆகவே என் தேர்வு இது. கண்ணாடி போட்டுப் படிக்கிறவருக்குப் புதிய ஏற்பாடும் சங்கீதமும் உள்ள அந்தச் சின்னப் பதிப்பு. படிக்கவே முடியாதவருக்குப் பெட்டி, கூடவே மாட்டியபடி விட்டுவர ஒரு கூடுதல் சார்ஜர். சேலை இரண்டு பேருக்கும் உண்டு, அதைப் பரிசுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கேக்கும் தூத்துக்குடி மக்ரூனும் எப்படியும் எல்லா வீட்டுக்கும் வரும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அதையே பொட்டலம் கட்டிப் பரிசாகவும் நீட்டுகிற ஆளை மட்டும் எனக்குப் புரிவதில்லை.