சவுத் ஹரோவில் வேப் பழுது பார்க்கும் ஒரு கடை

லண்டனில் வேப் (மின்சிகரெட்) கடைக்குப் பஞ்சமில்லை. பழுதைக் கண்டுபிடிக்கிற கடைதான் இல்லை. வேலை செய்யாத மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பொத்தானை இரண்டு தரம் அமத்திப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சுது, புது மொடல் வந்திருக்கு" என்பார்கள். சவுத் ஹரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சலூனுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்னக் கடை வேறு மாதிரி. அங்கே நிற்கும் எங்கட பெடியன் முதலில் அளக்கிறான், பிறகுதான் கதைக்கிறான்.

நான் இரவு ஷிஃப்டில் பஸ் ஓட்டுகிறவன். சிகரெட்டை விடுவதற்காக இதற்கு மாறிய ஆள். வேப் நல்ல சாமான் என்று யாருக்கும் சொல்ல வரவில்லை, சிகரெட் பழக்கமே இல்லாதவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த விமர்சனம்.

கடைக்குள் மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். கவுண்டரில் ஒரு மல்டிமீட்டர், ஓம், அதாவது மின் தடை மட்டும் அளக்கிற சின்னப் பெட்டி, நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கிற லென்ஸ், ஐசோபுரோப்பைல் அல்கஹோல் போத்தல், காது துடைக்கிற பஞ்சுக் குச்சி, பற்றரிக்குப் போடும் வண்ண வண்ண பிளாஸ்டிக் உறைகள். மல்டிமீட்டர் இருக்க ஏன் இன்னொரு பெட்டி என்று கேட்டேன். மல்டிமீட்டரின் வயரிலேயே 0.2, 0.3 ஓம் தடை இருக்குமாம். திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்கும் கம்பிச் சுருளான என் கொயிலே 0.15 ஓம். அளக்கிற கருவியின் பிழை அளக்கிற சாமானைவிடப் பெரிதாக இருந்தால் எதை நம்புவது?

என் பிரச்சினை இதுதான். என்னுடையது இரண்டு பற்றரி போடும் மொட் (பற்றரியும் பொத்தானும் திரையும் உள்ள அடிப்பாகம்), பொத்தானை அமத்தினால் திரையில் 'செக் அட்டமைசர்', அதாவது 'கொயில் பக்கத்தைப் பார்' என்று வரும். மேலே பூட்டும், திரவமும் கொயிலும் இருக்கிற டாங்கைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால் வேலை செய்யும், விட்டால் திரும்பவும் அதே வசனம். ஒன்லைனில் விற்றவர்களுக்கு எழுதினால் கொயிலை மாற்றச் சொன்னார்கள். மாற்றியாயிற்று என்று எழுதினேன். திரும்பவும் கொயிலை மாற்றச் சொன்னார்கள்.

பெடியன் டாங்கைக் கழற்றவில்லை. "அண்ணை, திரையில ஓம் எவ்வளவு காட்டுது எண்டு பாத்தீங்களா?" என்று கேட்டான். கொயிலின் உடம்பில் 0.15 என்று அடித்திருக்கிறது, திரை 0.25 காட்டியது, டாங்கை அசைத்தால் 0.31. பிறகு டாங்கைக் கழற்றித் தன் பெட்டியில் பூட்டினான். 0.15, ஆடாமல் அசையாமல் நின்றது. அடுத்து, தன்னிடமிருந்த நல்ல டாங்க் ஒன்றை என் மொட்டில் பூட்டினான், அதிலும் எண் தாவியது. அவ்வளவுதான், கொயிலிலும் டாங்கிலும் குற்றமில்லை, பழுது மொட்டின் பக்கம். இந்த மாற்றிப் பூட்டிப் பார்க்கிற வேலைக்குக் கருவிகூடத் தேவையில்லை, இன்னொருவருடைய டாங்க் கிடைத்தால் வீட்டிலேயே செய்யலாம்.

பற்றரி இரண்டையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, லென்ஸைத் தந்து என்னையே பார்க்கச் சொன்னான். டாங்க் பூட்டும் மரைக்கு நடுவில் ஒரு ஊசி இருக்கிறது, அதுதான் பொசிட்டிவ். சுற்றியுள்ள மரை நெகட்டிவ். 510 என்று எல்லாரும் சொல்லும் இணைப்பு இதுதான். ஊசியைச் சுற்றி, ஒழுகி உலர்ந்த திரவம் கறுப்பு வளையமாகப் பிடித்திருந்தது. கீழே ஸ்பிரிங் இருப்பதால் விரலால் அமத்தினால் ஊசி இறங்கி மேலே வர வேண்டும். என்னுடையது இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. டாங்கை இறுக்கோ இறுக்கென்று இறுக்குகிறவர்களுக்கு இது அடிக்கடி வருமாம். அல்கஹோலில் நனைத்த குச்சியால் துடைத்தான், பல் குத்தும் குச்சியால் ஊசியைக் கிளப்பினான், காயவிட்டான், பூட்டினான். 0.15.

இந்த அழுக்கு இவ்வளவு பெரிய விஷயமா என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 0.15 ஓம் கொயிலில் 60 வாட் போனால் ஓடுவது 20 அம்பியர். இடையில் அழுக்கு 0.1 ஓம் தடையைப் போட்டால், மொட் இரண்டையும் சேர்த்து 0.25 என்று படித்து அதற்கு 60 வாட் அனுப்பும். அதில் 36 வாட்தான் கொயிலுக்குப் போய்ச் சேரும், மிச்சம் 24 வாட் ஊசியடியில் சூடாகும். புகை குறைகிறது, மொட்டின் கழுத்து சுடுகிறது என்ற இரண்டு முறைப்பாடும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

துடைத்ததற்குக் காசு வாங்கவில்லை. ஒரு பெட்டி கொயில் வாங்கிக்கொண்டேன்.

பற்றரி விஷயத்தில் பெடியன் கொஞ்சம் கடுமை. என்னுடைய 18650 (மொட்டுக்குள் போடும் உருளைப் பற்றரி) ஒன்றின் உறை மேல் விளிம்பில் கிழிந்திருந்ததைக் கண்டுவிட்டு, அதைத் திரும்பப் போட விடவில்லை. 18650இன் தகர உடம்பு முழுவதுமே நெகட்டிவ். மேலே நடுவிலிருக்கும் பொசிட்டிவையும் அந்த விளிம்பையும் பிரித்து வைப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு காகித வளையமும் மட்டும்தான். கிழிந்த இடம் உலோகத்தில் தொட்டால் நேரடி ஷோர்ட். தலைமுடி உலர்த்துவது போன்ற சூட்டு மெஷினை வைத்துப் புது உறை சுருக்கிப் போட ஒரு பவுண். ஆனால் தகரம் நசுங்கியிருந்தால் உறை போட மாட்டான், நேரே கழிவுப் பெட்டிக்குத்தான். விற்கும் கடைகள் பழைய வேப்பைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், இந்தப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. பல கடைகளில் கேட்டால்தான் உள்ளேயிருந்து வரும்.

'வீக் பற்றரி' என்று வருவதற்கும் விளக்கம் சொன்னான். திரையில் பாதிச் சார்ஜ் காட்டும், ஆனால் இழுக்கும்போது அணைந்துவிடும். பற்றரி கிழடானால் சும்மா இருக்கும்போது 3.8 வோல்ட் காட்டும், பாரம் ஏறினதும் விழுந்துவிடும். ஒற்றைப் பற்றரி மொட்டில் 80 வாட் வைப்பவர்கள் அந்த ஒரு செல்லிடம் 25 அம்பியருக்கு மேல் கேட்கிறார்கள். இவன் விற்கும் சாம்சங் 25 ஆர் செல்லுக்கே 20 அம்பியர்தான் வரம்பு. ஒன்லைனில் 9900 மில்லி அம்பியர்-மணி (mAh) கொள்ளளவு என்று விற்கிற 18650ஐப் பார்த்தால் சிரியுங்கள். நிஜத்தில் 3500ஐத் தாண்டுவதே அபூர்வம். இரண்டு செல் மொட் என்றால், ஒன்றாக வாங்கியதை ஒன்றாகவே சார்ஜ் பண்ணி ஒன்றாகவே பாவிக்க வேண்டும். "சோடியைப் பிரிக்காதேங்கோ அண்ணை" என்று என் இரண்டிலும் மார்க்கர் பேனாவால் ஒரே அடையாளம் போட்டுத் தந்தான்.

நான் நின்ற நேரத்தில் சார்ஜ் ஏறாத பொட் (திரவக் குப்பியைச் செருகிப் பாவிக்கும் சின்ன வேப்) ஒன்றுடன் ஒரு பெண் வந்தார். 2025 ஜூன் 1இலிருந்து ஒருதரம் பாவித்து எறியும் வேப் பிரிட்டனில் தடை. அதற்குப் பதிலாக, பார்க்க அதே மாதிரி இருக்கிற மலிவான சார்ஜ் பொட்டுகள் நிறைந்துவிட்டன. இவர் கொண்டுவந்ததை லாப்டொப் சார்ஜரில் போட்டால் ஒரு சத்தமும் இல்லை. பெடியன் தன் பழைய சார்ஜரில், அகலமான பழைய யூஎஸ்பி தலையுள்ள வயரில் செருகினான்; உடனே லைட் எரிந்தது. இரண்டு பக்கமும் டைப் சி உள்ள வயரில், மறுமுனையிலுள்ள மெஷினில் 5.1 கிலோ ஓம் தடை ஒன்று இருப்பதைக் கண்டால்தான் சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். மலிவு மெஷின்கள் சிலவற்றில் அந்தத் தடையைப் போடுவதே இல்லை. ஒரு சதம் பெறாத சாமானை மிச்சம் பிடித்ததால் எத்தனை மெஷின் குப்பைக்குப் போகிறதோ!

பொத்தான் இல்லாத பொட் தானாகவே எரியத் தொடங்கினால், பெரும்பாலும் காற்றை உணரும் சென்சரில் ஈரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். திரவக் குப்பியை உடனே கழற்றி, அடியைத் துடைத்து, காயவிட வேண்டும். திரும்பவும் செய்தால் வைத்திருக்க வேண்டாம் என்கிறான்.

குறைகளும் உண்டு. சர்க்யூட் போர்டில் கை வைக்க மாட்டான், சோல்டரிங் கிடையாது. தண்ணீரில் விழுந்ததைக் கொண்டுபோனால் கையை விரித்துவிடுவான். வாங்கி ஆறு மாதம் ஆகாத மெஷின் என்றால் "நான் திறக்கமாட்டன், வித்தவனிட்டக் குடுங்கோ" என்கிறான். அது நியாயம்தான்: 2015 நுகர்வோர் சட்டப்படி முதல் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆறு மாதம் வரைக்கும் பழுது ஆரம்பத்திலேயே இருக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். நாம் திறந்துவிட்டால் அந்த வழக்கு பலவீனமாகிவிடும். திரவ வகைகள் மிகக் குறைவு. பற்றரி விலை ஒன்லைனைவிட ஓரிரு பவுண் கூட, ஆனால் போலி இல்லை என்பதற்காக நான் கொடுப்பேன். அப்புறம், அவன் லீவில் போனால் கடையில் நிற்கும் மற்ற ஆளுக்கு ஓம் பெட்டியை எப்படிப் போடுவதென்றே தெரியாது. போகுமுன் போன் பண்ணிக் கேளுங்கள்.

சென்னைக் கல்யாணத்துக்குப் போகிறேன், இதைக் கொண்டுபோகலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றான். இந்தியாவில் 2019 சட்டம் இறக்குமதியையே தடுத்திருக்கிறது, சிங்கப்பூர் வழியாகப் போனால் அங்கே வைத்திருப்பதே குற்றம். விற்கிற கடையே இப்படிச் சொல்வது எனக்குப் பிடித்தது.

வாசலில் பார்க்கிங் இல்லை, பள்ளிக்கூடம் விடும் நேரம் அந்த ரோட்டில் காரே நகராது. மத்தியானத்துக்கு முன்னம் போனால் பெடியன் ஆறுதலாகப் பார்த்துத் தருவான். 18 வயதுக்குக் கிட்டத் தெரிகிற முகமென்றால் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள், தெரிந்தவரின் மகனென்றாலும் கேட்காமல் விடமாட்டான்.