கேஷுவாலிட்டியில் ஆராய்ச்சி வேலை: அந்த இரண்டு நாள் பயிற்சிக்கு 4,500 ரூபாய் கொடுக்கலாமா?

எமர்ஜென்சியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் வேலை செய்பவர்களுக்கான ஒரு பயிற்சிக்குப் போய் வந்தேன், அதைப் பற்றித்தான் இந்தக் கேள்வி. கொடுக்கலாம், ஆனால் எல்லாருக்கும் தேவைப்படாது. ஸ்டாஃப் நர்ஸாக இருந்த உங்களை இப்போது எமர்ஜென்சியில் நடக்கும் ஒரு ஆய்வுக்கு கோ-ஆர்டினேட்டராக, அதாவது நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்கித் தகவலைப் பதிவு செய்பவராகப் போட்டிருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் போங்கள். வெறும் ஜிசிபி (ஆய்வை ஒழுங்காக நடத்தும் முறைகள்) சர்டிஃபிகேட்தான் வேண்டும் என்றால் இவ்வளவு பணம் கட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவில் நைடா என்ற போதைப்பழக்க ஆராய்ச்சி அரசு நிறுவனத்தின் கிளினிக்கல் டிரயல்ஸ் நெட்வொர்க் வைத்திருக்கும் ஆன்லைன் கோர்ஸ் இலவசம், 12 பாடங்கள், 6 மணி நேரம் போல ஆகும், சர்டிஃபிகேட் 3 வருடம் செல்லும். நானும் முதலில் அதைத்தான் முடித்தேன். நல்ல கோர்ஸ்தான். ஆனால் ராத்திரி 2 மணிக்கு ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் எப்படி நிற்பது என்பதை ஸ்கிரீனில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

நடத்தியவர்கள் பெயரை இங்கே போடவில்லை, ஏனென்றால் குறைகளையும் எழுதப் போகிறேன். சென்னையில் ஒரு சனி, ஞாயிறு நடந்தது. இந்த மாதிரிப் பயிற்சிகள் இப்போது பல ஊர்களில் நடக்கின்றன, காசு கட்டுமுன் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

முதல் நாள் காலை சுமார்தான். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளின் நெறிமுறையைச் சொல்லும் 1964 ஹெல்சின்கி பிரகடனத்தில் ஆரம்பித்து ஸ்லைடு மேல் ஸ்லைடு. அப்புறம் ஒப்புதல் வாங்காமலே அவசர நோயாளிகளை ஆய்வில் சேர்க்க அமெரிக்காவில் 1996இல் வந்த விதியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். தெரிந்துகொள்ள வேண்டியதுதான், ஆனால் ஹாலில் இருந்த 40 பேரும் வேலை செய்வது நம் 2019 புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின் கீழ். அதற்குக் கிடைத்தது கடைசி 20 நிமிடம். ஆய்வில் இருப்பவருக்குக் கடுமையான பாதிப்பு ஏதாவது நடந்தால் 24 மணி நேரத்துக்குள் எத்திக்ஸ் கமிட்டி, ஸ்பான்சர் (ஆய்வுக்குப் பொறுப்பேற்றிருக்கும் நிறுவனம்), மத்திய உரிம அதிகாரி மூன்று இடத்துக்கும் ஆய்வாளர் சொல்லியாக வேண்டும், 14 நாளுக்குள் அலசிய அறிக்கை போக வேண்டும். எமர்ஜென்சியில் இது வாரா வாரம் வரும் வேலை. இதை ஓட்டமாக ஓட்டிவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் வந்ததுதான் பயிற்சி. மேஜையில் ஐந்து கடிகாரம் வைத்திருந்தார்கள், ஐந்திலும் வேறு வேறு நேரம். ஒன்று சுவர்க் கடிகாரம், ஒன்று ஈசிஜி மெஷின் நேரம், ஒன்று 108 ஆம்புலன்ஸ் தாளில் எழுதியது, ஒன்று செல்போன், ஒன்று ஏஆர் (விபத்துப் பதிவேடு) எண்ட்ரி போட்ட கம்ப்யூட்டர் நேரம். முதலுக்கும் கடைசிக்கும் 11 நிமிடம் வித்தியாசம். ஒரு விபத்து கேஸ் ஷீட்டைக் கொடுத்து, அடிபட்ட நேரம், வந்த நேரம், மருந்து போட்ட நேரம் மூன்றையும் நிரப்பச் சொன்னார்கள். 40 பேரில் பாதிக்கு மேல் ஆளுக்கொரு கடிகாரத்திலிருந்து எடுத்து எழுதியிருந்தோம். ஒருவர் தாளில் நோயாளி வருவதற்கு முன்பே மருந்து ஏறியிருந்தது.

அப்போதுதான் பயிற்சியாளர் கிராஷ்-2 ஆய்வைச் சொன்னார். 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 பேர், 2010இல் முடிவு வந்தது. ரத்தம் கொட்டும் விபத்து நோயாளிகளுக்கு ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 10 நிமிடத்தில் 1 கிராம், அடுத்த 8 மணி நேரத்தில் இன்னொரு 1 கிராம். இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. அடுத்த வருடம் அதே தகவலை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன், அதற்குப் பிறகு கொடுத்தால் ரத்தப்போக்கால் இறப்பது கூடவே செய்கிறது என்று தெரிந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க "3 மணி நேரத்துக்குள்" என்று சொல்கிறோமே, அது எங்கெங்கோ கேஷுவாலிட்டிகளில் யாரோ ஒவ்வொருவரும் நேரத்தை ஒழுங்காக எழுதி வைத்ததால் தெரிந்த விஷயம். இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. நான் இந்த வேலைக்கு வந்த முதல் மாதம், கையில் பேப்பர் இல்லை என்று கையுறை மேல் நேரத்தை எழுதிவிட்டு, அவசரத்தில் அதைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறேன். பிறகு நினைவிலிருந்து எழுதிய நேரத்தை, ஆய்வுப் பதிவுகளைச் சரிபார்க்க வரும் மானிட்டர் வந்து கேட்டபோது பதில் இல்லை. இப்போது சட்டைப்பையில் சின்ன நோட்டு, ஒரே கடிகாரம், அதுவும் டூட்டி தொடங்கும்போது மற்றவற்றோடு சரிபார்த்தது.

இரண்டாம் நாள் ஒப்புதல் வாங்கும் பயிற்சி. இதற்காகவே மறுபடி பணம் கட்டுவேன். பல வருடம் விபத்துப் பிரிவில் இருந்த ஒரு சீனியர் சிஸ்டர் அடிபட்டவரின் அம்மாவாக நடித்தார். ஒரு பிளாஸ்டிக் பையில் கிழிந்த சட்டை, இன்னொரு கையில் ஒற்றைச் செருப்பு. எங்களில் ஒரு தம்பி போய் நின்று, "அம்மா, இந்த ஆய்வின் நோக்கம் என்னவென்றால்" என்று படிவத்தைப் படிக்க ஆரம்பித்தான். அவர் படிவத்தைப் பார்க்கவே இல்லை. செருப்பைப் பிடித்தபடி, "ஏம்பா, எம்புள்ளைக்கு உசுரு இருக்குல்ல?" என்றார். ஹால் அப்படியே அமைதியாகிவிட்டது. தம்பிக்கு வாய் வரவில்லை.

அப்புறம் சிஸ்டர் எழுந்து, தானே செய்து காட்டினார். முதலில் உட்கார வைக்கிறார். "உசுரு இருக்கும்மா, டாக்டர் உள்ளதான் இருக்காரு, ரத்தம் நிறைய போயிருக்கு." அதைக் கேட்டுவிட்டு அந்த அம்மா மூச்சு விடும்வரை காத்திருக்கிறார். அதன் பிறகுதான் ஆய்வைப் பற்றி முதல் வார்த்தை. பெயர் சொல்லி, தான் யார், சிகிச்சை கொடுப்பவர் யார், இரண்டும் வேறு என்று சொல்கிறார். வேண்டாம் என்றாலும் வைத்தியத்தில் எதுவும் குறையாது என்பதை முதலிலேயே சொல்கிறார், கடைசியில் அல்ல.

நாங்கள் எல்லாரும் மாட்டிக்கொண்ட இடம் ரேண்டமைசேஷன், அதாவது யாருக்கு எந்த சிகிச்சை என்பதை யாரும் தேர்ந்தெடுக்காமல் ஒதுக்குவது. படிவத்தில் "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு" என்று இருக்கும், கேட்கிறவருக்கு ஒன்றும் புரியாது. "சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் அதை வேண்டாம் என்றார், பிள்ளை உயிரை வைத்துக் குலுக்கல் நடத்துகிறார்கள் என்றுதான் காதில் விழுமாம். அவர் சொல்வது இப்படி: "இந்த மருந்து கூட சேர்த்தா நல்லதான்னு டாக்டர்களுக்கே இன்னும் உறுதியாத் தெரியலம்மா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இது. யாருக்கு எதுன்னு டாக்டரும் எடுக்கறதில்ல, நானும் எடுக்கறதில்ல, கம்ப்யூட்டர் எடுக்கும்." அன்றிலிருந்து நானும் இதைத்தான் சொல்கிறேன். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி வேண்டும், நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது என்பதை டூட்டி தொடங்கும்போதே வேறு வார்டில் பேசி வைத்துவிட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

குறைகள். 40 பேர் அதிகம், நடித்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தது 8 பேருக்குத்தான். கையேடு முழுக்க ஆங்கிலம். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவர்களைப் பார்க்கும் ரெட் ஏரியாவில் டாக்டர், நர்ஸ் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் எங்கே நிற்க வேண்டும், எப்போது படிவத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு வார்த்தை வரவில்லை. அது தெரியாத கோ-ஆர்டினேட்டரை எந்த டூட்டி டாக்டரும் உள்ளே விட மாட்டார்.

எல்லாவற்றையும் விட எனக்கு வருத்தம் ஒன்றில்தான். பல ஆய்வுகளில் 28ஆம் நாள் வீட்டுக்குப் போன் செய்து எப்படி இருக்கிறார் என்று கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர் அங்கே இருக்கிறாரா என்றே தெரியாமல் அந்த எண்ணை அழுத்துவோம். போன முறை எடுத்தது ஒரு நோயாளியின் மனைவி, பதினாறாம் நாள் காரியம் அன்றைக்குத்தான். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, படிவத்தில் அடுத்த கேள்வி கண் முன்னால் இருந்தது, மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இந்தப் போனை எப்படிப் பேசுவது, பேசிய பிறகு நாம் யாரிடம் பேசுவது என்று இரண்டு நாளில் யாரும் எடுக்கவில்லை. ஃபீட்பேக் தாளில் இதை மட்டும் பின்பக்கம் வரை எழுதிக் கொடுத்தேன். அடுத்த பேட்சில் அந்த சிஸ்டரையே வைத்து ஒரு மணி நேரம் சேர்க்கிறோம் என்றார்கள். சேருமுன் அது இருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள்.